ஆலைப்பாணி: வீட்டின் உள்ளமைப்பில் தாங்கலும் கடத்தலும் சுவடும்

1. நோக்கமும் வரையறையும்

புதுப்பிக்கப்படும் வீடுகளில் ஒரு தோற்றம் இன்று பரவலாகக் காணப்படுகிறது. செங்கல் சுவருக்குப் பூச்சு இல்லை. மின்கம்பி சுவருக்குள் போகாமல் இரும்புக் குழாயில் வெளியே ஓடுகிறது. கூரையின் கான்கிரீட் வெள்ளையடிக்கப்படாமல் நிற்கிறது. சன்னல் சட்டங்கள் கறுப்பு உருக்கால் ஆனவை. கட்டிடத் தொழிலில் இருப்போர் இதை 'இண்டஸ்ட்ரியல் ஸ்டைல்' என்று அழைக்கின்றனர். இது எங்கே, எக்காரணங்களால் பிறந்தது, இதன் உறுப்புகள் யாவை, வீட்டைப் புதுப்பிக்கும்போது இதை எந்த ஒழுங்கில் கைக்கொள்ள வேண்டும் என்பன இக்கட்டுரையில் நாம் ஆராயும் வினாக்கள்.

ஆய்வுக்கு இரண்டு சொற்களை முதலில் வரையறுத்துக்கொள்வோம்.

ஆலைப்பாணி: உற்பத்திக்கெனக் கட்டப்பட்ட இடத்தின் கட்டுமானத்தையும், நீரும் மின்சாரமும் காற்றும் செல்லும் வழிகளையும் மூடாமல், அவை வேலை செய்யும் நிலையிலேயே குடியிருப்பின் தோற்றமாக ஏற்றுக்கொள்ளும் உள்ளமைப்பு முறை.

மாடிக்கூடம்: ஆலை அல்லது கிடங்குக் கட்டிடத்தில் குறுக்குச் சுவர் இல்லாத ஒரு முழுத் தளம். இதன் ஆங்கிலப் பெயரான 'லாஃப்ட்' நம் வீடுகளில் பரணைக் குறிக்கும். அண்டாவும் பழைய பெட்டியும் வைக்கும் சிமென்ட் பலகையே அது. நியூயார்க்கில் அச்சொல் நூறடி நீளமுள்ள வேலைத்தளத்தைக் குறித்தது. குழப்பம் நேராதிருக்க 'மாடிக்கூடம்' என்ற சொல்லையே இக்கட்டுரை முழுதும் ஆள்வோம்.

நாம் நிறுவ முயலும் முடிபு இது. ஆலைப்பாணியின் இலக்கணம் பொருள்களின் பட்டியலில் இல்லை; கண்ணில் படும் ஒவ்வொன்றும் ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்க வேண்டும் என்ற ஒழுங்கில் இருக்கிறது. அவ்வொழுங்கு கைவிடப்பட்டால், செங்கல்லும் குழாயும் எத்தனை இருந்தாலும் எஞ்சுவது வேடமே.

2. பிறப்பிடமும் காரணங்களும்

ஆலைப்பாணி வீட்டுப் பாணியாக உருப்பெற்ற இடங்களுள் தலையாயது நியூயார்க் நகரின் சோஹோ. மன்ஹாட்டனில் ஹூஸ்டன் தெருவுக்குத் தெற்கே உள்ள பகுதி இது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் துணிக்கடைகளும் கிடங்குகளும் சிறு ஆலைகளும் இங்கே நெருங்கி எழுந்தன. அக்கட்டிடங்களின் வடிவத்தை மூன்று காரணங்கள் தீர்மானித்தன: பொருள், ஒளி, தீ.

2.1 பொருள். வார்ப்பிரும்பு நசுக்கும் விசையை மிக நன்றாகத் தாங்கும். இழுக்கும் விசைக்கு எளிதில் முறியும். ஆகவே அது உத்தரமாவதைவிடத் தூணாவதற்கே பொருந்தியது. செங்கல் தூண் மூன்றடி அகலத்தை விழுங்கும் இடத்தில் வார்ப்பிரும்புத் தூண் சில அங்குலங்களில் நின்றது. அச்சில் வார்த்த துண்டுகளைக் கட்டுமிடத்துக்குக் கொண்டுவந்து மறையாணியால் பூட்டினால் முகப்பு எழுந்துவிடும். ஜேம்ஸ் போகார்டஸ், டேனியல் பேட்ஜர் ஆகியோர் இம்முறையைப் பரப்பினர். பிராட்வேயும் புரூம் தெருவும் சந்திக்கும் மூலையில் 1857இல் எழுந்த ஹாவட் கட்டிடம் பேட்ஜரின் வார்ப்புக்கூடத்தில் செய்த முகப்பைக் கொண்டது. எலிஷா ஓட்டிஸின் பயணியர் மின்தூக்கிகளுக்கு முன்னோடியான நீராவித் தூக்கி அதே ஆண்டில் அங்கேதான் பொருத்தப்பட்டது.

2.2 ஒளி. அங்கே ஒரு மனையின் வழக்கமான அளவு 25 அடி அகலம், 100 அடி நீளம். இருபுறமும் அண்டைக் கட்டிடத்தின் சுவர். வெளிச்சம் முன்னும் பின்னும் இருந்து மட்டுமே வர முடியும். மின்விளக்கு இல்லாத காலத்தில் ஐம்பதடி ஆழத்தில் தைப்பவருக்கும் ஒளி எட்ட வேண்டுமானால் சன்னல் உயரமாக இருக்க வேண்டும். சன்னல் உயர்ந்தால் கூரையும் உயரும். இன்று விளம்பரங்கள் புகழும் உயர்ந்த கூரையும் அகன்ற சன்னலும் வேலையாளின் கண்ணுக்காக ஏற்பட்டவை.

இந்த ஒளித்தேடலின் மிக நுண்ணிய சான்று நடைபாதையில் கிடக்கிறது. தரைக்குக் கீழே நிலவறைகள் இருந்தன. அவற்றுக்கு மேல் நடைபாதை. எனவே நடைபாதையிலேயே இரும்புத் தட்டுகளைப் பதித்து, தட்டுகளில் வட்டத் துளைகள் இட்டு, ஒவ்வொரு துளையிலும் உள்ளங்கைக்குள் அடங்கும் தடித்த கண்ணாடி வில்லையை அடைத்தனர். மேலே மக்கள் நடந்தனர். கீழே அவ்வில்லைகளின் வழியே பகல் இறங்கியது. தாடியஸ் ஹயாட் இதற்கான காப்புரிமையை 1845இல் பெற்றார். சோஹோவின் சில தெருக்களில் இன்றும் இத்தட்டுகளைக் காணலாம்.

2.3 தீ. பஞ்சும் துணியும் எண்ணெயும் குவிந்த இடத்தில் தீயே முதற்பகை. நியூ இங்கிலாந்தின் பஞ்சாலைகள் இதற்கு ஒரு விடை கண்டன. மெல்லிய சட்டங்கள் பலவற்றை நெருக்கி வைப்பதை விட்டு, பருத்த மர உத்தரங்கள் சிலவற்றை அகல இடைவெளியில் வைத்து, மேலே தடித்த பலகையை இட்டனர். பருத்த மரம் எரியும்போது வெளிப்புறம் கரியாகி உட்புறத்தைக் காக்கும். ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 4 செ.மீ. ஆழமே கரியும் என்பதால், 30 செ.மீ. உத்தரம் ஆட்கள் வெளியேறும் வரை தாங்கும். இரும்பின் இயல்பு வேறு. 550 முதல் 600 பாகை செல்சியசுக்குள் உருக்கு தன் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழக்கிறது. வார்ப்பிரும்போ, சூடேறிய நிலையில் குளிர்ந்த நீர் பட்டால் வெடித்துவிடக்கூடும். எரியும் பொருளான மரம் தீயில் நின்று பிடிப்பதும், எரியாத இரும்பு முந்திச் சரிவதும் மனத்தில் கொள்ளத்தக்க உண்மை. புதுப்பித்தலைப் பேசும்போது இதற்கு மீண்டும் வருவோம்.

2.4 ஒரு தடையும் அதன் விடையும். கூர்ந்து நோக்கும் வாசகர் இங்கே ஒரு தடை எழுப்பலாம். சோஹோவின் வார்ப்பிரும்பு முகப்புகள் வெளிப்படையானவை அல்லவே? கொரிந்தியத் தூண்தலைகளும் வளைவுகளுமாக வார்க்கப்பட்டு, கல்நிறச் சாயம் பூசப்பட்டு, கல்லாகவே காட்சியளித்தவை அவை. சில முகப்புகளைக் காந்தம் வைத்துப் பார்த்துத்தான் இரும்பு என்று அறிய முடிகிறது. அப்படியிருக்க, மூடாமையை இக்கட்டிடங்களின் இயல்பு என்பது பொருந்துமா?

பொருந்தும். முகப்பு வாங்க வருபவரின் கண்ணுக்கானது. அங்கே வேடம் தேவைப்பட்டது. உட்புறத்துக்குப் பார்வையாளர் எவரும் இல்லை. தூணுக்கு உறை போடவும், உத்தரத்தை மறைத்துப் பொய்க்கூரை கட்டவும் எவரும் காசு செலவிடவில்லை. எவரையும் மகிழ்விக்கும் எண்ணமின்றிக் கட்டப்பட்டதே இவ்வுள்ளமைப்பின் அழகுக்கு வேர். பார்வைக்கென்று செய்யப்படாத ஒன்றைப் பார்வைக்கு ஏற்பது எப்படி என்பதே ஆலைப்பாணியின் அடிப்படைச் சிக்கல்.

3. வளர்ச்சியின் படிநிலைகள்

ஆலை வீடாக மாறிய வரலாற்றை நான்கு நிலைகளாகப் பகுக்கலாம்.

முதல்நிலை: வெறுமை. இரண்டாம் உலகப்போருக்குப் பின் உற்பத்தி நகருக்கு வெளியே பெயர்ந்தது. ஒரே தளத்தில் பரந்து நிற்கும் ஆலைகளும் சரக்குந்துச் சாலைகளும் வந்தபின், மாடி மாடியாய் அடுக்கிய பழைய கட்டிடங்கள் பின்தங்கின. புரூம் தெருவின் வழியே ஒரு விரைவுச்சாலை போடும் திட்டமும் தலைக்கு மேல் தொங்கியதால் உரிமையாளர்கள் பழுதுபார்க்கத் தயங்கினர். 1963இல் செஸ்டர் ராப்கின் அளித்த ஆய்வறிக்கை, அப்பகுதியின் சிறு ஆலைகள் இன்னும் பலருக்கு வேலை தருவதை எடுத்துக்காட்டியது. கடும் எதிர்ப்பின் விளைவாக விரைவுச்சாலைத் திட்டம் 1969இல் கைவிடப்பட்டது.

இரண்டாம்நிலை: குடியேற்றம். வாடகை குறைந்த, வெளிச்சம் மிகுந்த, பெரிய ஓவியத்துக்கு இடங்கொடுக்கும் தளங்களை ஓவியர்களும் சிற்பிகளும் நாடினர். அங்கே குடியிருப்பது சட்டத்துக்குப் புறம்பு. தீயணைப்புத் துறையின் சோதனைகளால் பலர் வெளியேற்றப்பட்டனர். ஓவியர்கள் ஒன்றுதிரண்டு போராடியதன் பயனாக 1961இல் நகராட்சி ஓர் ஏற்பாட்டுக்கு இசைந்தது. 'இங்கே கலைஞர் வசிக்கிறார்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் மூன்று முதலெழுத்துகளையும் தள எண்ணையும் பொறித்த பலகையை வாயிலில் வைக்க வேண்டும். தீப்பிடித்தால் எந்த மாடியில் ஆள் இருக்கிறார் என்பது தீயணைப்பு வீரருக்குத் தெரியும். 1967இல் ஜார்ஜ் மச்சியூனஸ் வூஸ்டர் தெரு 80ஆம் எண் கட்டிடத்தைக் கூட்டுறவு முறையில் கலைஞர்கள் வாங்க வழிசெய்தார். இந்நிலையில் குடியேறியவர்கள் கட்டுமானத்தை மூடாதது கொள்கையால் அன்று. மூடப் பணமில்லை என்பதால்.

மூன்றாம்நிலை: ஏற்பு. 1971இல் நகராட்சி, தகுதிச் சான்று பெற்ற கலைஞர்கள் சோஹோவில் வசிக்கலாம் என மண்டல விதியைத் திருத்தியது. 1973இல் 26 தெருக்கட்டங்களும் சுமார் 500 கட்டிடங்களும் வரலாற்றுப் பகுதியாக அறிவிக்கப்பட்டன. 1978இல் ஜோன் குரோன், சுசான் ஸ்லெசின் ஆகிய இருவரும் 'ஹை-டெக்' என்ற நூலை வெளியிட்டனர். ஆலைக்கும் மருத்துவமனைக்கும் கிடங்குக்கும் விற்கப்படும் உருக்கு அலமாரி, தொழிற்கூட விளக்கு, ரப்பர் தரை முதலியவற்றை வீட்டில் பயன்படுத்தலாம் என்று அந்நூல் காட்டியது. ஆலையில் வீடு அமைந்த நிலை மாறி, ஆலைப்பொருள் வீட்டைத் தேடி வந்த திருப்பம் இது.

நான்காம்நிலை: சரக்காதல். 1982இல் நியூயார்க் மாநிலம் மாடிக்கூடச் சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டில் சமூகவியலர் ஷரோன் ஜூகின் 'லாஃப்ட் லிவிங்' என்ற நூலில், கலைஞரின் வாழ்முறை எவ்வாறு மனை வணிகத்தின் விலைப்பொருளானது என்பதை ஆராய்ந்தார். வாடகை ஏறியது, முதலில் குடியேறியவர் பலர் வெளியேறினர். ஆலையே இல்லாத ஊர்களிலும், ஆலையாக ஒருநாளும் இராத அடுக்கக வீடுகளிலும் அத்தோற்றம் பரவியது. வேலை ஏதும் செய்யாத போலியுறுப்பு தோன்றியது இந்நிலையில்தான்.

4. உறுப்புகளின் வகைப்பாடு

ஆலைப்பாணி வீட்டில் கண்ணில் படுவனவற்றை, அவை செய்யும் வேலையைக் கொண்டு நான்காக வகுக்கிறோம்.

4.1 தாங்குறுப்பு: எடையைச் சுமந்து நிலத்துக்கு இறக்குவது. தூண், உத்தரம், கர்டர், சுமைச்சுவர் ஆகியன இதில் அடங்கும்.

4.2 கடத்துறுப்பு: நீர், மின்சாரம், காற்று, வெப்பம் ஆகியவற்றை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குக் கொண்டுசெல்வது. குழாய், மின்கம்பி செல்லும் கான்டியூட், காற்றுப்பெட்டிவழி ஆகியன இதில் சேரும். 1977இல் பாரிசில் திறக்கப்பட்ட பொம்பிடு மையம் இவ்வகையின் உச்சம். கடத்துறுப்புகள் யாவும் கட்டிடத்தின் வெளியே வைக்கப்பட்டு, காற்றுக்கு நீலம், நீருக்குப் பச்சை, மின்சாரத்துக்கு மஞ்சள், ஆட்கள் செல்லும் வழிக்குச் சிவப்பு என நிறம் பெற்றன.

4.3 கருவியுறுப்பு: கையால் இயக்கப்படுவது, அல்லது உடல் நேரே பயன்கொள்வது. ஆங்கிலேயப் பொறியாளர் ஜார்ஜ் கார்வர்டைன் 1932இல் வடிவமைத்த கைமடக்கு விளக்கு இதற்குச் சான்று. வாகனச் சுருள்வில்லில் பெற்ற பட்டறிவால், எந்த நிலையில் விட்டாலும் அந்நிலையிலேயே நிற்கும் விளக்கை அவர் ஆக்கினார். மற்றொரு சான்று பிரான்சின் சவியே போஷார் 1934இல் வெளிக்கொணர்ந்த டோலிக்ஸ் தகட்டு நாற்காலி. அவர் துத்தநாக முலாமிடுவதில் தேர்ந்தவர். அந்நாற்காலியின் இருக்கைத் தகட்டில் துளைகள் உண்டு. அவற்றை அழகுத் துளை என்று எண்ணுவோர் பலர். வெளியில் கிடக்கும்போது மழைநீர் தேங்காமல் வடியவே அவை.

4.4 சுவட்டுறுப்பு: இன்று வேலை ஏதும் செய்யாவிடினும், இவ்விடத்தில் முன்பு நடந்த வேலையைப் பதிந்து வைத்திருப்பது. எந்திரம் நின்ற இடத்தின் மறையாணித் துளை, மரத்தரையில் ஊறிய எண்ணெய்க் கறை, உத்தரத்தில் தேய்ந்த கயிற்றுத்தடம் ஆகியன சுவடுகள்.

இந்நான்கிலும் அடங்காதது போலியுறுப்பு. எதுவும் ஓடாத அலங்காரக் குழாய், செங்கல் அச்சிட்ட தாள், எதையும் தாங்காத நுரைப்பஞ்சு உத்தரம், புதுப்பலகையில் உளியால் கொத்திப் பழமையாக்கிய வடு ஆகியவற்றை இதற்கு எடுத்துக்காட்டலாம்.

இவற்றைப் பிரித்தறிய ஓர் எளிய முறையை முன்வைக்கிறோம். அதைக் கழற்றுச் சோதனை எனலாம். ஓர் உறுப்பைக் கழற்றிவிட்டால் எது நின்றுபோகும் என்று கேட்க வேண்டும். தாங்குறுப்பைக் கழற்றினால் கூரை நில்லாது. கடத்துறுப்பைக் கழற்றினால் விளக்கு எரியாது. கருவியுறுப்பைக் கழற்றினால் கைவேலை நிற்கும். சுவட்டுறுப்பைக் கழற்றினால் ஒரு செய்தி அழியும். போலியுறுப்பைக் கழற்றினால் எதுவும் நின்றுபோகாது. தூசி தட்டும் வேலை ஒன்று குறையும்.

5. இரண்டு சான்று வீடுகள்

5.1 கண்ணாடி வீடு, பாரிஸ். 1928 முதல் 1932 வரை மருத்துவர் ஜான் தால்சாசுக்காக பியேர் ஷாரோ, பெர்னார்டு பைவோட், உலோகக் கைவினைஞர் லூயி தால்பே ஆகிய மூவரும் இணைந்து கட்டியது இது. பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டவே உரிமையாளர் விரும்பினார். மேல்மாடியில் குடியிருந்த மூதாட்டி காலி செய்ய மறுத்துவிட்டார். எனவே அவரது மாடியை உருக்குத் தூண்களால் தாங்கிப் பிடித்து, கீழ்த்தளங்களை அகற்றி, அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டிகளாலான சுவர்களுடன் புதுவீட்டைச் செருகினர். அத்தூண்களில் தறையாணிகள் வெளியே தெரிகின்றன, அவை மூடப்படவில்லை. மின்கம்பிகளும் சுவரில் புதையாமல், தரைக்கும் கூரைக்கும் இடையே தனித்து நிற்கும் உலோகக் குழாய்களில் செல்கின்றன. மின்சுவிட்சுகள் அக்குழாய்களிலேயே அமைந்துள்ளன. ஒருவருடைய மறுப்பே தாங்குறுப்பைக் கட்டாயமாக்கியது. அக்கட்டாயமே வீட்டின் வடிவமாயிற்று. சோஹோவுக்கு முப்பது ஆண்டுகள் முன்னரே ஆலைப்பாணியின் இலக்கணம் இங்கே முழுமையாகச் செயல்பட்டிருக்கிறது.

5.2 ஸ்பிரிங் தெரு 101, நியூயார்க். 1870இல் எழுந்த ஐந்து தள வார்ப்பிரும்புக் கட்டிடத்தை 1968இல் சிற்பி டொனால்டு ஜட் வாங்கினார். அவர் தளங்களை அறைகளாக வெட்டவில்லை. ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பயன் என்று வைத்தார்: ஒன்றில் வேலை, ஒன்றில் சமையலும் உணவும், உச்சித்தளத்தில் உறக்கம். மூலைக்கட்டிடமாதலால் இருபுறமும் சன்னல். குறுக்குச் சுவர் எழுப்பினால் அவ்வொளி துண்டாகிவிடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். இன்று அவ்வீடு பொதுமக்கள் காணும் இடமாக உள்ளது. இங்கே நாம் கற்பது அடக்கம். புதுப்பித்தலில் சேர்த்தது குறைவு, விட்டுவைத்தது மிகுதி.

6. புதுப்பித்தலின் ஒழுங்கு

பழைய கட்டிடம் ஒன்றை ஆலைப்பாணியில் புதுப்பிப்போர் ஐந்து படிகளை இதே வரிசையில் கடப்பது நலம்.

முதற்படி, அறிதல். எச்சுவர் சுமை தாங்குகிறது, எது வெறும் மறைப்பு என்பதைக் கட்டமைப்புப் பொறியாளரைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும். ஒரு சுவரை ஓரிரு இடங்களில் கையகலம் உரித்துப் பார்த்தபின்பே முழுதும் உரிக்கும் முடிவை எடுக்க வேண்டும். பூச்சுக்கென்றே கட்டிய சுவரில் அரைக்கல்லும் உடைகல்லும் கலந்திருக்கும்; பழைய மின்கம்பிக்காக வெட்டிய பள்ளம் சிமென்டால் அடைத்திருக்கும்; ஆணியடிக்கப் பதித்த மரக்கட்டை மக்கிக் கிடக்கும். கொத்தனார் 'இது பூச்சுச் சுவருங்க' என்று சொன்னால் அச்சொல்லுக்கு மதிப்பளிக்க வேண்டும்.

இரண்டாம்படி, கழித்தல். பொய்க்கூரை, பிற்காலத்தில் சேர்த்த தடுப்பு, அடுக்கடுக்கான பட்டி ஆகியவற்றை நீக்குதல். சுவடுகளை அடையாளமிட்டுக் காப்பது இப்படியில்தான். கழித்தபின் இழந்த சுவட்டைத் திரும்பச் செய்ய முடியாது. செய்தால் அது போலி.

மூன்றாம்படி, காத்தல். உரித்த செங்கல்லின் இணைப்புகளைப் புதுக்க வேண்டும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்குச் சுண்ணாம்பே உரியது. சிமென்ட் இட்டால் சுவரின் ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லின் முகத்தைப் பொரித்துத் தள்ளும். இரும்பைத் துருநீக்கி, பிரைமர் இட்டு, தீக்காப்பு வேண்டிய இடங்களில் சூட்டில் உப்பிப் போர்த்தும் சாயத்தைப் பூச வேண்டும். தீயைப் பற்றி மேலே கூறியது இங்கே பொருள்படும்: திறந்த இரும்பு காட்சிக்கு உறுதியானது, தீயில் உறுதியற்றது.

நான்காம்படி, வழிவகுத்தல். கடத்துறுப்புகள் அனைத்தையும் ஒரே வரைபடத்தில் இடுதல். மறைத்துச் செய்யும் வேலையில் குழாய் எப்படி வளைந்தாலும் பூச்சு மன்னித்துவிடும். வெளியே ஓடும் கான்டியூட் அரை அங்குலம் சாய்ந்தாலும் ஆண்டுக்கணக்கில் கண்ணை உறுத்தும். கிளாம்புகளின் இடைவெளி சீராக இருக்க வேண்டும். வளைவுகள் ஒரே ஆரத்தில் அமைய வேண்டும். மின்பெட்டிகள் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். மூடுபவருக்குப் பூச்சு துணை. மூடாதவருக்கு ரசமட்டம் ஒன்றே துணை. ஆலைப்பாணி செலவு குறைந்தது என்ற நம்பிக்கை பெரும்பாலும் பிழையாவது இப்படியில்தான்.

ஐந்தாம்படி, நிறைத்தல். நாற்காலி, விளக்கு, விரிப்பு, திரை ஆகியவை கடைசியில் வர வேண்டும். நடைமுறையில் பலர் இதிலிருந்தே தொடங்குகின்றனர். போலியுறுப்பு மிகுவதற்கு அதுவே தலைமைக் காரணம்.

7. குறைகளும் நிவாரணங்களும்

ஆலை எந்திரத்துக்காகக் கட்டப்பட்டது. வீட்டில் வாழ்வது உடல். இரண்டின் தேவைகளும் மோதும் இடங்களில் ஒலியும் வெப்பமும் முதன்மையானவை.

7.1 ஒலி. பூசாத செங்கல், கான்கிரீட், கண்ணாடி, தகடு ஆகியவை ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புகின்றன. ஒலி நின்றபின் அதன் முழக்கம் அடங்க எடுக்கும் காலத்தை முழக்க நேரம் என்போம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன் 1890களில் ஒரு விரிவுரைக்கூடத்தில் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பிச் சோதித்து இதற்கான வாய்பாட்டைக் கண்டார்: அறையின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, அறையின் மொத்த உறிஞ்சுதிறனால் வகுக்க வேண்டும்.

ஒரு கணக்கைச் செய்துபார்ப்போம். 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள கூடத்தின் கன அளவு 90 கன மீட்டர். சுவர், தரை, கூரைப் பரப்பு 126 சதுர மீட்டர். கடினமான பரப்புகளின் உறிஞ்சு எண்ணைச் சராசரியாக 0.03 என்று கொண்டால் மொத்தம் 3.78. முழக்க நேரம் ஏறத்தாழ 3.8 வினாடி. ஒருவர் பேசிய சொல் அடங்குமுன் அடுத்த பத்துச் சொற்கள் அதன்மேல் விழும். கம்பளம், தடித்த திரை, மெத்தை இருக்கை, நூலடுக்கு ஆகியவற்றால் 12 அலகு உறிஞ்சுதிறனைச் சேர்த்தால் நேரம் 0.9 வினாடியாகக் குறைகிறது. ஆகவே துணியும் நூலும் ஆலைப்பாணிக்கு எதிரானவை என்பது தவறு. அவையும் வேலை செய்யும் உறுப்புகளே. கழற்றுச் சோதனையில் அவை தேறுகின்றன.

7.2 வெப்பம். உருக்குச் சட்டத்தில் ஒற்றைக் கண்ணாடி பொருத்திய பழைய சன்னல் குளிர்நாட்டில் வெப்பத்தை வெளியே கசியவிடுகிறது. வெப்பநாட்டில் உள்ளே இழுக்கிறது. இரட்டைக் கண்ணாடியும், சட்டத்தின் இரு முகங்களுக்கு இடையே வெப்பத்தைத் தடுக்கும் இடைத்துண்டும் குளிர்நாட்டு நிவாரணம். வெப்பநாட்டில் கண்ணாடிக்கு வெளியே நிழல் வேண்டும்.

8. நம் நிலத்தில்

தமிழ்நாட்டில் இம்முறையைக் கைக்கொள்வோர் கருத வேண்டியவை இரண்டு.

முதலாவது, காலநிலை. மெல்லிய கறுப்புச் சட்டமும் தரைமுதல் கூரைவரை கண்ணாடியும் 40 பாகை வடக்கில் உள்ள நியூயார்க்கின் தாழ்ந்த வெயிலுக்குப் பிறந்தவை. 13 பாகையில் உள்ள சென்னைக்கு அவை அப்படியே பொருந்தா. கடற்காற்றின் உப்பு திறந்த இரும்பை விரைவில் அரிக்கும். கூரைப்பூச்சை உரிப்பதிலும் எச்சரிக்கை தேவை. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையிலான காப்புறை, இந்தியத் தரநிலை 456இன் 2000ஆம் ஆண்டுப் பதிப்பின்படி கடுமையற்ற மென்சூழலில் 20 மி.மீ.; கடுஞ்சூழலில் 45 மி.மீ. பழைய வீடுகளின் கூரையில் இக்காப்புறை பல இடங்களில் இதனினும் குறைந்திருக்கும். பூச்சே எஞ்சிய காவலாக இருந்திருக்கும். அழகுக்காக அதைக் கொத்தி எடுப்பது கம்பியின் துருவுக்குக் கதவைத் திறப்பதாகும்.

இரண்டாவது, நமக்கு உரிய சான்றுகள். இரும்புக் கர்டர்களுக்கு நடுவே செங்கல்லைக் குறுவளைவாக அடுக்கிய தளங்கள் பிரிட்டிஷ் காலக் கிடங்குகளிலும் அலுவலகங்களிலும் இங்கே எழுந்தன. நியூயார்க்கின் கட்டிடங்களைப் போலவே இவையும் ஆலையில் செய்த இரும்பின் பிள்ளைகள். சில கர்டர்களின் பக்கவாட்டில் செய்த ஆலையின் பெயர் புடைத்து நிற்பதுண்டு. தேக்குச் சட்டங்களின் மேல் சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் மூலைமாறாக அடுக்கிச் சுண்ணாம்பிட்ட மெட்ராஸ் டெரஸ், கையால் தேய்த்து மெருகேற்றிய சிவப்பு ஆக்சைடு தரை ஆகியனவும் மூடாத உண்மையின் வடிவங்களே. இத்தகைய வீட்டைப் புதுப்பிப்பவர் மெட்ராஸ் டெரஸை பொய்க்கூரையால் மூடிவிட்டு, சுவரில் செங்கல் தாள் ஒட்டுவாரானால், கையில் இருந்த பொருளைக் கைவிட்டு அதன் நிழலை விலைகொடுத்து வாங்கியவர் ஆவார்.

9. முடிபு

ஆய்வில் கண்டவற்றைத் தொகுப்போம். ஆலைப்பாணி பொருள், ஒளி, தீ என்ற மூன்று காரணங்களால் உருவான கட்டிடங்களிலிருந்து பிறந்தது. வெறுமை, குடியேற்றம், ஏற்பு, சரக்காதல் என்ற நான்கு நிலைகளில் வளர்ந்தது. அதன் உறுப்புகள் தாங்குவன, கடத்துவன, கருவியாவன, சுவடாவன என நான்கு. இவற்றைப் போலியிலிருந்து பிரிப்பது கழற்றுச் சோதனை. பார்வைக்கென்று செய்யப்படாததைப் பார்வைக்கு ஏற்பது எப்படி என்று தொடக்கத்தில் எழுந்த சிக்கலுக்கு விடையும் இதுவே: வேலை செய்வதை வேலை செய்யவிட்டு, அதை மறைக்காதிருத்தல்.

நடைபாதையில் பதித்த கண்ணாடி வில்லைகளை முன்னரே குறிப்பிட்டோம். வார்க்கும்போது அவை நிறமற்றவை. கண்ணாடியின் பசுமையை நீக்குவதற்காக அக்காலத்தில் மாங்கனீசு சேர்ப்பது வழக்கம். பல்லாண்டு வெயிலில் அந்த மாங்கனீசு மெல்ல மாறி, பழைய வில்லைகள் பல இன்று கத்தரிப்பூ நிறத்தில் இருக்கின்றன. அந்நிறத்தை எந்த வடிவமைப்பாளரும் தேர்ந்தெடுக்கவில்லை; எந்தக் கடையிலும் அது விற்கவில்லை. நிலவறையில் ஒருவர் வேலை பார்க்க வெளிச்சம் வேண்டும் என்று பதித்த கண்ணாடிக்கு, நூறாண்டுகளுக்கு மேல் அவ்வெளிச்சத்தைக் கடத்தியதால் வந்த நிறம் அது.